மலிவு போன் வாங்குவோர் கவனத்துக்கு: பெட்டியில் அச்சிடாததைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

குறைந்த விலை ஸ்மார்ட்போன் பெட்டிகளில் இப்போது பரவலாகக் கண்ணில் படும் வாசகம் இது: "8 ஜிபி ரேம், 50 மெகாபிக்சல் ஏஐ டிரிபிள் கேமரா, 90 ஹெர்ட்ஸ் டிஸ்பிளே, ஆக்டா கோர் பிராசசர், 5000 எம்ஏஎச் பேட்டரி, 18 வாட் ஃபாஸ்ட் சார்ஜிங்." இதை நம்பிக் காசு கொடுத்தவர் கையில் வந்து சேர்வதோ 4 ஜிபி ரேம், உருப்படியாகப் படமெடுக்கும் ஒரே ஒரு கேமரா, 720 பிக்சல் அகலத் திரை, 2012-இல் அறிமுகமான வடிவமைப்பில் எட்டுச் சிறிய கோர்கள் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதிகள்), பெட்டிக்குள் 10 வாட் சார்ஜர். புகார் கொடுத்தால் எடுபடுவதில்லை. பொய் என்று விரல் வைத்துக் காட்டும்படி பெட்டியில் ஒரு வரியும் கிடையாது. நட்சத்திரக் குறி போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள். ஏமாந்தவர் பக்கம் நியாயம் இருக்கிறது, காகிதம் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்கிறது.

ஏமாற்று அதிகம் நடக்கும் இடம் ரேம். "8 ஜிபி" என்பதன் அடியில் "4+4" என்று இருந்தால் உண்மையான ரேம் 4 ஜிபிதான். மீதி நான்கு, போனின் ஸ்டோரேஜிலிருந்து வெட்டி எடுத்து ரேம் என்று பெயர் சூட்டிய இடம். நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் பெயர் மாறும்: எக்ஸ்டெண்டட் ரேம், விர்ச்சுவல் ரேம், மெமரி ஃப்யூஷன், ரேம் பிளஸ். வேலை ஒன்றேதான். பின்னால் கிடக்கும் ஆப்களின் தகவலை ஸ்டோரேஜில் இறக்கி வைத்துவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும். அந்த ஸ்டோரேஜ் என்ன வேகம் என்பதுதான் கேள்வி. இந்த வகைப் போன்களில் பெரும்பாலும் இருப்பது இஎம்எம்சி 5.1 என்ற பழைய வகை ஸ்டோரேஜ் சிப். தொடர்ந்து படிக்கும்போது அது நொடிக்கு ஏறக்குறைய 250 முதல் 300 எம்பி வரைதான் தரும். எல்பிடிடிஆர்4எக்ஸ் வகை ரேமோ நொடிக்கு 10 ஜிபியைத் தாண்டும். ஆக, ரேம் என்ற பெயரில் கொடுக்கப்படுவது உண்மை ரேமைவிடப் பல பத்து மடங்கு மெதுவான ஒன்று. போதாததற்கு, இஎம்எம்சி ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யாது. ஒரு ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைத் திறந்தால் திரை உறைவது இதனால்தான். யூஎஃப்எஸ் 2.2 என்ற வேகமான வகை ஸ்டோரேஜ் உள்ள போனில் படிப்பதும் எழுதுவதும் ஒருசேர நடக்கும், படிக்கும் வேகமும் நொடிக்கு 1000 எம்பி அளவுக்குப் போகும்.

பெட்டியில் "128 ஜிபி" என்று பெரிதாகப் போட்டு, இஎம்எம்சியா யூஎஃப்எஸ்ஸா என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அது இஎம்எம்சி என்று வைத்துக்கொள்ளலாம். யூஎஃப்எஸ் கொடுத்தவர் அதை மறைக்க மாட்டார், முதல் வரியிலேயே போட்டுக்கொள்வார். ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள், போன் இஎம்எம்சி என்றால், செட்டிங்ஸில் இந்த விர்ச்சுவல் ரேமை அணைத்துவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆண்ட்ராய்டு தன் பங்குக்கு ரேமுக்குள்ளேயே தகவலைச் சுருக்கி வைக்கும் ஏற்பாட்டை ஏற்கனவே வைத்திருக்கிறது. அதனால் பெரும்பாலும் போன் முன்னைவிட இலகுவாகத்தான் ஓடும். ஸ்டோரேஜ் சிப்பின் மேல் விழும், ஓயாமல் தகவல் எழுதும் சுமையும் குறையும்.

இதோடு சேர்ந்ததுதான் சர்வீஸ் சென்டரில் நடக்கும் கூத்து. வாங்கி ஆறேழு மாதத்தில் போன் இழுக்கிறது என்று கொண்டுபோனால், ஃபேக்டரி ரீசெட் அடித்து, "சரியாகிவிட்டது" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். சில வாரத்தில் பழைய கதை. ரீசெட் அடித்தால் ஸ்டோரேஜ் காலியாகும், காலியான இஎம்எம்சி கொஞ்ச நாள் வேகமாக இருக்கும், அவ்வளவே. மறுபடி நிரம்பியதும், ஒவ்வொரு முறை தகவல் எழுதும் முன்னாலும் பழைய பகுதிகளை அழித்துச் சுத்தம் செய்யும் வேலை அதற்கு வந்து சேரும். 64 ஜிபி போன் என்றால் கணினிக் கணக்கில் அது 59.6 ஜிபி. அதில் சிஸ்டமும் அழிக்க முடியாத ஆப்களும் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விட்டு வைத்தால்தான் இழுவை குறையும். இதை வாங்கும்போதே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் 128 ஜிபிக்குப் போயிருப்பார்கள்.

"ஆக்டா கோர்" என்பதற்கு எட்டு கோர் என்பதைத் தாண்டி எந்த மதிப்பும் இல்லை. எந்தக் கோர் என்று பார்க்க வேண்டும். ஹீலியோ ஜி36 என்ற பிராசசர் சிப்பில் எட்டுமே கார்டெக்ஸ் ஏ53 வகைக் கோர்கள். 2012-இல் வந்த, கட்டளைகளை வரிசை மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கிற, சிக்கனத்துக்காக வடிவமைத்த சின்னக் கோர் அது. ஹீலியோ ஜி85-இலும் யூனிசாக் டி606-இலும் இரண்டு கார்டெக்ஸ் ஏ75 உண்டு, மற்ற ஆறும் ஏ55. ஒரு ஆப்பைத் தொட்டதும் திறக்கிறதா, யோசித்துத் திறக்கிறதா என்பதை அந்த இரண்டு பெரிய கோர்கள்தான் முடிவு செய்கின்றன. மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2.2 கிகாஹெர்ட்ஸ் ஏ53-ஐ விட 1.6 கிகாஹெர்ட்ஸ் ஏ75 அன்றாட வேலைக்குத் தேவலை.

அடுத்தது கேமரா. பின்பக்கம் மூன்று வளையம், நடுவில் ஃபிளாஷ், பார்க்க விலையுயர்ந்த போன் மாதிரியே இருக்கும். பின்மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். முதல் வளையத்துக்குக் கீழே உண்மையான கேமரா மாட்யூல், ரிப்பன் கேபிளோடு. இரண்டாவதன் கீழே மிளகு அளவில் 2 மெகாபிக்சல் சென்சார், சிலவற்றில் அதுகூட இல்லாமல் 320-க்கு 240 பிக்சல், அதாவது 0.08 மெகாபிக்சல். மூன்றாவதன் கீழே மதர்போர்டில் ஒன்றுமே இருக்காது. கருப்புப் பிளாஸ்டிக் வட்டத்தின் மேல் கண்ணாடி ஒட்டி வைத்திருப்பார்கள். விவரக் குறிப்பில் "ஏஐ லென்ஸ்" அல்லது "துணை லென்ஸ்" என்று போட்டு மெகாபிக்சல் எண் போடாமல் விட்டிருந்தால், அந்த வளையத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பிரிக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. கேமரா ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு வளையத்தையும் விரலால் மூடிப் பாருங்கள். சாதாரணம், போர்ட்ரெய்ட், மேக்ரோ என எல்லா மோடிலும் மூடிப் பாருங்கள். எந்த மோடிலும் எதுவும் மாறவில்லை என்றால் அந்த வளையம் அலங்காரம். மேக்ரோ என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஃபோகஸ் நகராத வகை. ஏறக்குறைய 4 செ.மீ. தூரத்தில் மட்டும் தெளிவு, முன்னே பின்னே போனால் மங்கல். 50 மெகாபிக்சல் கதை வேறு. நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் எல்லா நாளும் அது எடுக்கும். அதில் தவறில்லை, இருட்டில் உதவும். தவறு எங்கே வருகிறதென்றால், சிறிய சென்சாரின் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கி 50 என்று காட்டும்போது. நல்ல பகல் வெளிச்சத்தில் அச்சிட்ட ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, 50 மோடிலும் சாதாரண மோடிலும் எடுத்து, இரண்டிலும் ஒரே சின்ன எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபைல் மட்டும் பெரிதாகி, எழுத்து துளிகூடத் தெளியவில்லை என்றால் அந்த 50-ஐ நம்பி ஒரு பைசா அதிகம் கொடுக்கக் கூடாது.

கேமரா மேட்டில் இன்னொரு சங்கதி. லென்ஸை மூடும் வெளித்தகடு சில போன்களில் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். கேமரா மேடு புடைத்திருப்பதால் போனை மேசையில் வைக்கும்போதெல்லாம் அதுதான் உரசும். சில மாதங்களில் மேலே மெல்லிய கீறல் படலம் விழும், விளக்கு வெளிச்சம் படத்தில் கோடுகோடாகச் சிதறும். சென்சார் கெட்டுப்போய்விட்டது என்று கேமராவையே மாற்றச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அந்தத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும்.

திரை விஷயத்தில் அளவையும் தெளிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 6.7 அங்குலத்தில் 720-க்கு 1600 என்றால் அங்குலத்துக்கு 262 பிக்சல் வரும், 1080-க்கு 2400 என்றால் 393. மெல்லிய எழுத்துகளின் ஓரத்தில் வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். 90 ஹெர்ட்ஸ், அதாவது திரை நொடிக்கு 90 முறை படத்தைப் புதுப்பிப்பது, உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க, செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, ரெஃப்ரெஷ் ரேட் காட்டும் பொத்தானைப் போடுங்கள். பல போன்கள் செட்டிங்ஸில் மட்டும் 90 காட்டிவிட்டு, ஆப்பைத் திறந்ததும் 60-க்கு இறங்கிவிடும். காணொளி பார்ப்பவர்கள் வைட்வைன் (காணொளி நகலெடுப்பைத் தடுக்கும் கூகுளின் பூட்டு) நிலையையும் பார்க்க வேண்டும். மேல்நிலையான எல்1 இல்லாமல் கீழ்நிலையான எல்3 மட்டும் இருந்தால், கட்டணச் சேவைகள் பொதுவாக 480பி என்ற குறைந்த தெளிவோடு நிறுத்திக்கொள்ளும்.

சென்சார்களைப் பற்றிப் பெட்டி வாயே திறக்காது. ஆனால் தினமும் கழுத்தை அறுப்பது இவைதான். காதருகே போனைக் கொண்டுபோனதும் திரையை அணைக்கும் பிராக்ஸிமிட்டி சென்சாரைப் பல மலிவு போன்கள் எடுத்துவிட்டு, தொடுதிரையையும் ஒலியையும் வைத்து ஊகிக்கும் மென்பொருளைப் போட்டிருக்கின்றன. பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னம் பட்டு மியூட் ஆவது, அழைப்பு துண்டிப்பது, பேசி முடித்தபின் திரை எழாமல் அடம்பிடிப்பது எல்லாம் இதன் விளைவு. கடையில் நிற்கும்போதே ஒரு அழைப்புப் போட்டு, காதில் வைத்தும் எடுத்தும் பத்து முறை பாருங்கள். போன் சுழல்வதை உணரும் ஜைரோஸ்கோப் இல்லாவிட்டால் 360 டிகிரி படமும் சில விளையாட்டுகளும் ஒழுங்காக வராது. திசைகாட்டியாக வேலை செய்யும் காந்தமானி இல்லாவிட்டால் வரைபட ஆப்பில் நீங்கள் நின்ற இடத்தில் திரும்பும்போது திசை அம்பு திரும்பாது, நடந்தால்தான் திரும்பும். சென்சார்களைப் பட்டியலிடும் இலவச ஆப் ஒன்றில் பார்த்தால் எது உண்டு, எது இல்லை, எது "விர்ச்சுவல்" என்று தெரிந்துவிடும்.

சார்ஜர் கணக்கு எளிது. 5000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 19 வாட்-மணி. 10 வாட் சார்ஜரில் வெப்பமாகப் போகும் இழப்பையும், 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைவதையும் சேர்த்தால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். "18 வாட் ஆதரவு" என்று போட்டிருந்தால், போன் அதை ஏற்கும் என்பது மட்டுமே பொருள், உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பதல்ல. பெட்டிக்குள் இருக்கும் சார்ஜரின் முதுகில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்ற வரியும் இருந்தால்தான் 18.

நீர், தூசுப் பாதுகாப்பைக் குறிக்கும் எண்களில் ஐபி52 என்றால் 15 டிகிரி வரை சாய்த்தாலும் மேலிருந்து சொட்டும் நீரைத் தாங்கும், ஐபி54 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். இரண்டுமே தண்ணீரில் விழுந்தால் காப்பாற்றாது. "மிலிட்டரி கிரேடு" என்பதற்கு சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் கிடையாது. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள ராணுவத் தரக் குறிப்பின் சோதனைகளில் எதைச் செய்வது என்று நிறுவனமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

அப்டேட் வாக்குறுதியில் ஒரு கொக்கி உண்டு. "இரண்டு ஆண்டு பாதுகாப்பு அப்டேட்" என்பது பெரும்பாலும் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் ஒன்றரை வருடப் பழைய மாடலுக்கு மிச்சம் ஆறு மாதம்தான். புதுப் போனைத் திறந்து, இருக்கிற அப்டேட்டையெல்லாம் போட்டபிறகும் செக்யூரிட்டி பேட்ச் தேதி அரை வருடத்துக்கு முந்தையது என்றால், இனிமேலும் ஒழுங்காக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதுவரை சொன்னது எழுத்தில் பிழையில்லாத ஏமாற்று. இதற்குக் கீழே அப்பட்டமான போலியும் இருக்கிறது. செட்டிங்ஸில் 12 ஜிபி, 512 ஜிபி என்று காட்டும், உள்ளே 2 ஜிபி, 16 ஜிபி இருக்கும். மென்பொருளில் எண்ணைத் திருத்தி வைத்திருப்பார்கள். இங்கே செட்டிங்ஸை நம்பவே கூடாது. *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் "அபவுட்" பகுதியில் கூகுளின் பிளே ப்ரொடெக்ட் சான்று பெற்ற சாதனம் என்று வருகிறதா பாருங்கள். ஸ்டோரேஜுக்கு, பெரிய வீடியோ ஃபைல்களை நிரப்பி, முதலில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் திறந்து ஓட்டுங்கள். போலி என்றால் பழையது திறக்காது, அல்லது பாதியில் நிற்கும். இப்படிப்பட்ட போனில் வங்கி ஆப் போடவே போடாதீர்கள். ட்ரையாடா என்ற தீநிரலை (திருட்டு வேலை செய்யும் மென்பொருளை) கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2016-இல் வெளிக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே அது சில மலிவு போன்களின் சிஸ்டத்துக்குள் முன்கூட்டியே பதிந்து வந்தது தெரியவந்தது. 2019-இல் கூகுளே அதை உறுதிசெய்தது. சிஸ்டத்துக்குள் உட்கார்ந்திருப்பது ஃபேக்டரி ரீசெட்டில் போகாது.

ரிட்டர்ன் கேட்கப்போகும் இடத்தில் தடுமாறாமல் இருக்க, பணம் கட்டும் முன்பே விற்பனைப் பக்கத்தின் முழு விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அதை மாற்றிவிடுவார்கள். பெட்டியின் முத்திரையையும் சீரியல் எண்ணையும் காட்டி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்தபடி பெட்டியைப் பிரியுங்கள். மேலே சொன்ன சோதனைகளை ரிட்டர்ன் காலத்துக்குள் முடித்துவிடுங்கள். "எதிர்பார்த்த மாதிரி இல்லை" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். "விவரத்தில் 18 வாட் சார்ஜர் உள்ளே இருப்பதாக உள்ளது, வந்தது 5 வோல்ட் 2 ஆம்பியர்" என்று படத்தோடு எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். சர்வீஸ் சென்டரிலும் அப்படித்தான். ஜாப் ஷீட்டில் "ஹேங் ஆகிறது" என்று அவர்கள் எழுதுவதை ஏற்காமல், எந்த ஆப், எத்தனை நொடி, எவ்வளவு இடம் காலியாக இருந்தபோது என்று எழுத வைத்து, அதன் பிரதியை வாங்கிக்கொண்டுதான் போனைக் கொடுக்க வேண்டும். ரீசெட் மட்டும் அடித்துத் திருப்பித் தந்தால் அதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது முறை அதே கோளாறோடு போகும்போது, மதர்போர்டை மாற்றக் கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம்.