புலிகள் காப்பகமா, வெறும் காப்புக்காடா?

"காப்பகம்னா கெடுபிடி, காப்புக்காடா இருந்தாலே போதுமே" என்று நெல்லை மாவட்டத்தில் பாபநாசம், களக்காடு பக்கம் யோசிப்பவர்களுக்கு. காப்புக்காடு என்றால் வனச் சட்டப்படி அரசு ஒதுக்கிய காடு; காப்பகம் என்றால் புலிக்காகக் கூடுதலாகப் பாதுகாக்கும் காடு.

காட்டு நிலம் வேறு வேலைக்குப் போவது: காப்புக்காட்டில் ரோடு போட 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு அனுமதி வேண்டும். காப்பகத்திலோ அதற்கு மேல் தேசிய வனவிலங்கு வாரியமும் பார்க்க வேண்டும். காப்பகத்தின் எல்லையைக் குறைக்க, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரையும் சேர்த்து வேண்டும்.

தண்ணீர்: களக்காடு முண்டந்துறைக்கு 1988-இல் காப்பக அந்தஸ்து வந்தது புலிக்காக, ஆனால் பலன் நமக்கும்தான், சோலைக்காட்டு மண் ஐப்பசி மழையைக் குடித்து வைத்து மாசியிலும் தாமிரபரணிக்குக் கசிய விடுகிறது. நடுவில் ரோடு போனால் வெயில் இறங்கி, ஓரமெல்லாம் உண்ணிச்செடி ஏறிவிடும். எங்கோ கன்று நட்டு அதை ஈடுகட்டவே முடியாது.

ஆடு மேய்ப்பது, விறகு: காப்புக்காடுதான் கொஞ்சம் இளக்கம். இந்த மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் இரண்டிலும் உண்டு.

அடிவார மேய்ச்சலுக்குக் காப்புக்காடு சரி. ஆறு பிறக்கும் மலைக்குக் காப்பகம்தான், அதில் கை வைக்கவே கூடாது.