‘கப்பல், விமான ரேடியோ டெக்னீசியன் லைசென்ஸ்’ வகுப்பு: திருகோணமலையில் காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

நகருக்குள் ஒரு மாடியறையில், வார இறுதிகளில் மூன்று மாதம் நடந்த வகுப்பு. ‘சர்வதேச லைசென்ஸ், ஆயுள் முழுக்கச் செல்லும்’ என்று துண்டுப்பிரசுரம். உவர்மலை, சாம்பல்தீவு, கிண்ணியாப் பக்கத்துப் பெடியள் வீட்டு நகையை அடகு வைத்துக் கட்டினார்கள். கடைசியில் கைக்கு வந்தவை மூன்று தாள்கள்: நங்கூரமும் இறக்கையும் பொறித்த நிலையத்தின் சொந்தச் சான்றிதழ், ஜிஎம்டிஎஸ்எஸ் (கப்பல்களின் உலகளாவிய ஆபத்து, பாதுகாப்பு ரேடியோ முறை) ‘ஆர்ஓசி’ என்று தலைப்பிட்ட ஒன்று, அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான எஃப்சிசி பெயரில் ஒரு சீட்டு. மூன்றையும் சேர்த்து நீட்டினாலும் ஒரு கப்பலின் விஎச்எஃப் (குறுந்தூர ரேடியோ) செட்டின் மூடியைக் கழற்ற யாரும் விடமாட்டார்கள்.

எஃப்சிசி சீட்டின் வகைக்குறி ‘ஆர்ஆர்’. அதற்குச் சோதனையே கிடையாது. விண்ணப்பமும் கட்டணமும் போதும். பழுதுபார்க்கும் உரிமத்தின் குறி ‘பிஜி’. அதற்குச் சோதனையின் 1ஆம் கூறில் 24 கேள்விக்கு 18, 3ஆம் கூறில் 100க்கு 75 சரியாக வேண்டும். கப்பல் ராடாரில் கை வைக்க 8ஆம் கூறு, 50க்கு 38. ஜிஎம்டிஎஸ்எஸ் பராமரிப்பாளர் உரிமத்துக்கு 1, 3உடன் 9ஆம் கூறு. அதுவும் 50க்கு 38. ஆயுள் முழுக்க என்பது பொய்யல்ல. ஆனால் விண்ணப்பிப்பவர் அமெரிக்காவில் வேலைசெய்யச் சட்டத் தகுதி உள்ளவராக இருக்கவேண்டும். அதைத் துண்டுப்பிரசுரத்தில் போடுவார்களா? எஃப்சிசியின் உரிமப் பட்டியல் இணையத்தில் எவருக்கும் திறந்திருக்கிறது. பெயரைத் தேடினால் சீட்டு மெய்யா என்று தெரிந்துவிடும்.

ஆர்ஓசியும் அதற்கு மேலான ஜிஓசியும் ரேடியோவை இயக்குபவருக்கானவை, திருத்துபவருக்கல்ல. ஆர்ஓசி ஏ1 கடற்பரப்புக்கு, அதாவது கரையோர விஎச்எஃப் நிலையம் எட்டும் தூரத்துக்கு, மட்டும். ஜிஓசி எல்லாக் கடலுக்கும். கடலில் திருத்துவதற்குரியவை முதலாம், இரண்டாம் தர ரேடியோ மின்னணுச் சான்றிதழ்கள். நான்கையும் வழங்கக்கூடியது அரசுதான். வகுப்பு நடத்துபவர் தருவது வரவுச் சான்று.

வகுப்பில் மறைக்கப்பட்ட பெரிய விஷயம் வேறு. ஜிஎம்டிஎஸ்எஸ் 1999 பெப்ரவரி 1இல் முழுமையாக நடைமுறைக்கு வந்ததோடு கப்பலில் ரேடியோ அதிகாரி என்ற தனிப்பதவி பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஏ3 கடலுக்கு, அதாவது கரை நிலையங்கள் எட்டாத, செய்மதி எட்டும் ஆழ்கடலுக்கு, போகும் கப்பல் மூன்று பராமரிப்பு வழிகளில் இரண்டைத் தெரிவுசெய்ய வேண்டும்: இரட்டைக் கருவிகள், கரைப் பராமரிப்பு, கடலிலேயே பராமரிப்பு. அநேகமாக எல்லோரும் முதல் இரண்டை எடுத்துவிடுவார்கள். கரையில் ரேடியோவைச் சோதிப்பதும் கப்பல் வகைப்படுத்தும் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள். தனி ஆளின் தாளுக்கு அங்கே இடமில்லை. கப்பலில் ஏறத்தான் ஆசையென்றால் இப்போதுள்ள பதவி மின்தொழில்நுட்ப அதிகாரி. அங்கீகரித்த பயிற்சியில் பட்டறையும் கடற்சேவையுமாக 12 மாதம், அதில் குறைந்தது 6 மாதம் கடலில்.

விமானப் பக்கம் இன்னும் இறுக்கம். விமானம் பராமரிப்பவரின் உரிமத்துக்கான ஐரோப்பிய விதி 66இன் பி2 பிரிவுதான் ஏவியோனிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவிகள். ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் எடுக்கவேண்டும். அதற்குமேல், சேவையிலுள்ள விமானங்களில் செய்த பராமரிப்பு வேலை அனுபவம், அங்கீகரித்த பாடநெறி படித்தவருக்கு 2 ஆண்டு, முன்பயிற்சி இல்லாதவருக்கு 5 ஆண்டு. இலங்கையில் உரிமம் தருவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. சீனக்குடா விமானத்தளத்தை ஒருநாள் சுற்றிக்காட்டியது அந்தக் கணக்கில் வராது.

கொட்பேயில் வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வகுப்பு முடித்தவர்களிடம் டிஎஸ்சி (பொத்தானை அழுத்தினால் ஆபத்து அழைப்பை அனுப்பும் வசதி) உள்ள செட்டைக் கொடுக்காதீர்கள். அதில் அடிக்கும் வள்ளத்தின் அடையாளமான எம்எம்எஸ்ஐ இலக்கம் ஒன்பது தானம். இலங்கை வள்ளத்துக்கு 417 என்று தொடங்கும். பல செட்டுகளில் அதை ஒன்றிரண்டு தடவைதான் அடிக்கலாம், பிறகு பூட்டிக்கொள்ளும். திறக்க விற்றவரிடமோ தயாரிப்பாளரிடமோ அனுப்பவேண்டும். பிழையான இலக்கத்தோடு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் 70ஆம் சனலில் போவது வேறொருவரின் அடையாளம்.

வகுப்புக்காரரிடம் கேட்கவேண்டியவை: உரிமத்தில் எந்த அரசு அதிகாரசபை கையொப்பமிடும், சோதனை எங்கே, இயக்கவா திருத்தவா, எந்த நாட்டுக் கொடிக்கு (அந்நாட்டில் பதிந்த கப்பலுக்கு) செல்லும். ‘அரசில் பதிவுசெய்தது’ என்று மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இலக்கத்தைக் காட்டுவார்கள். அது நிலையத்தின் பதிவு, உங்கள் உரிமமல்ல.

ஏற்கெனவே கட்டியவர்கள் துண்டுப்பிரசுரம், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்திகளைச் சேர்த்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977இல் சொல்லுங்கள். ‘கணக்குப் பார்த்துத் திருப்பித் தருகிறோம், பற்றுச்சீட்டைத் தாருங்கள்’ என்று வகுப்புக்காரர் கேட்டால் போட்டோக்கொப்பியை மட்டும் கொடுங்கள்.