காய்ந்த பல், ஈரப் பல்: நான் ஏமாந்த கதை

பல் டாக்டரிடமிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்லைச் சீராக்கப் போட்டிருந்த கம்பியைக் கழற்றியதும் என் முன்பற்களில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைத் திட்டுகள். கம்பியைச் சுற்றிப் படிந்த அழுக்கில் இருக்கும் பாக்டீரியா விடும் அமிலம், பல்லின் கடினமான மேல் அடுக்கான எனாமலிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்துவிட்ட அடையாளம் அது. தேடப்போய், ‘எனாமலைத் திரும்ப வளர்க்கும்’ கிரீம் செட் விற்கும் ஆன்லைன் பக்கம் ஒன்றில் மாட்டினேன். செட்டின் விலை என் ஒரு வாரச் சம்பளம்.

சாட்டில் வந்தவர் ‘பல் ஆலோசகர்’ என்றார். நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். “இப்போதே வாங்க வேண்டாம், சாம்பிள் போட்டுப் பாருங்கள்” என்றார். இப்படிச் சொல்பவரை யார் சந்தேகப்படுவார்கள்? பல்லை டிஷ்யூவால் துடைத்து, உதட்டை இரண்டு நிமிடம் விலக்கிப் பிடித்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து, “வாய் கொப்பளித்த உடனே எடுங்கள்” என்றார். இரண்டு படத்தையும் சேர்த்து வைத்தால் திட்டு பாதி காணோம்! அன்றிரவே ஒரு வாரச் சம்பளத்தைக் கட்டினேன்.

இன்று டாக்டர் கண்ணாடியை என் கையில் கொடுத்து, அதே பல்லில் காற்றடித்தார். திட்டு பளிச்சென்று வெளுத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், மங்கிவிட்டது. அரித்த எனாமலின் நுண்துளைகளில் காற்று புகுந்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும், தண்ணீர் நிரம்பினால் அடங்கும். அவ்வளவுதான் அந்த ‘முன்னேற்றம்’.

அதைவிட வயிற்றெரிச்சல், “வேறு பேஸ்ட் எதுவும் வேண்டாம்” என்ற அந்த ஆலோசகர் பேச்சைக் கேட்டு ஃப்ளோரைடு பேஸ்ட்டை நிறுத்தியது. கிரீமில் ஃப்ளோரைடே இல்லை. ஒரு திட்டு இப்போது ஓட்டையாகிவிட்டது, அடைக்க வேண்டும். மேற்பரப்பு உடையாதவரை எச்சிலும் ஃப்ளோரைடும் சேர்ந்து அரித்த இடத்தை ஓரளவு இறுக்கும். உடைந்த பிறகு வளராது, எனாமலில் உயிருள்ள செல்லே கிடையாது.

பணத்தைக் கேட்டால், முதல் நாள் “மூன்று மாதம் தொடருங்கள்”. அடுத்த நாள் “சீல் உடைத்த பொருளுக்குப் பணம் தருவதில்லை”. அப்புறம் “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்”. ஆலோசகர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். ஒரு வாரச் சம்பளம் அம்பேல்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. பெரியவர்களுக்கு 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃப்ளோரைடு உள்ள சாதாரண பேஸ்ட்டே முதல் தேவை. தேய்த்ததும் துப்புங்கள், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். பால் புரத அலர்ஜி இருந்தால் கேசின் என்ற பால் புரதம் கலந்த கிரீம் பக்கம் போகாதீர்கள். திட்டு தெரிந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. அப்படி ஒரு பக்கத்தில் ‘முன்–பின்’ படங்களில் ஓரம் லேசாகச் சில்லு போன முன்பல் இருந்தால், அது என்னுடையது. எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.