வெள்ளவத்தைக் காற்றுக்கு எந்த மகசின்?

நேரே சொல்லிவிடுகிறேன். கொழும்பில், அதுவும் கடற்கரைப் பக்கம் குடியிருந்துகொண்டு .22 என்ற சிறிய ரவை சுடும் ரைபிளில் பயிற்சி செய்கிறவர் என்றால், ரவைகளை அடுக்கி ரைபிளுக்குள் போடும் பெட்டியான மகசினைப் பொலிமரில், அதாவது பிளாஸ்டிக்கில், வாங்குங்கள். உங்கள் ரைபிளைச் செய்த கொம்பனியின் சொந்தத் தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இரும்பில் ஒன்று கூட இருந்தால் நல்லது, ஆனால் அன்றாடப் பாவனைக்கு அது வேண்டாம். எங்கள் சூட்டுக் கிளப்பில் புதிதாகச் சேரும் தம்பிமார் "அக்கா, இரும்பா பிளாஸ்டிக்கா?" என்று கேட்கும்போது ரேஞ்சில் நின்றபடி இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. காரணங்களை ஆறுதலாக இருந்து எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

என் வேலை இரத்மலானையில், ஒரு பிளாஸ்டிக் வார்ப்புத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். மூடி, கைப்பிடி, பெட்டி, பல்சக்கரம் என்று மோல்டிலிருந்து விழும் சாமான்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் வேர்னியரால் அளப்பதும்தான் என் நாள். ரைபிள் என்னுடைய விருப்பம். வைத்திருப்பது செக் நாட்டு சீ.இசட். 455, ரவையை உள்ளே தள்ளும் போல்டைக் கையால் இழுத்துச் சுடுவது. 452, 455, 457 மூன்று மொடலுக்கும் .22இல் ஒரே மகசின்தான் பொருந்தும். இரும்பிலும் உண்டு, பொலிமரிலும் உண்டு. ஐந்து ரவைக்கும் உண்டு, பத்து ரவைக்கும் உண்டு. ஆகவே இந்த ரைபிள்காரர்களுக்குத் தெரிவு உண்மையாகவே கையில் இருக்கிறது. ஒலிம்பிக் முறை 50 மீட்டர் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே ஒவ்வொரு ரவையாகக் கையால் போட்டுத்தான் சுடவேண்டும்.

கொழும்பில் வளர்ந்த தமிழருக்கு மகசின் என்றால் சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாயின் துப்பாக்கிக்குக் கீழே வளைந்து தொங்கிய இரும்புப் பெட்டிதான் கண்ணுக்குள் வரும். இரும்பு என்றால் உறுதி, பிளாஸ்டிக் என்றால் மலிவு என்ற எண்ணம் அப்படியே மனதில் ஊறிப்போய்விட்டது. ஆனால் அந்தத் துப்பாக்கியின் ஏ.கே.-47 குடும்பத்துக்கே சோவியத்காரர் 1960களில் செம்பழுப்பு நிறப் பிளாஸ்டிக் மகசின் செய்தார்கள். ஒஸ்ட்ரிய இராணுவம் 1977இல் எடுத்த ஸ்டையர் ஓக் துப்பாக்கிக்கு உள்ளே ரவை தெரிகிற பிளாஸ்டிக் மகசின். அமெரிக்கர்கள் தங்கள் எம்-16 துப்பாக்கிக்கு அலுமினியத்தையே கனகாலம் வைத்திருந்தார்கள். 2016இல் அவர்களுடைய மரீன் படை மாக்புல் நிறுவனத்தின் பீ-மாக் என்ற பொலிமர் மகசினை ஏற்றுக்கொண்டது. போருக்கே போகிற சாமான் இது என்றால், சனிக்கிழமை காலையில் கடதாசி இலக்கைச் சுடுகிற எங்களுக்கு உறுதி போதாது என்று சொல்ல இடமில்லை.

அந்த சோவியத் பிளாஸ்டிக் மகசினில் ஒரு விசயம் எனக்கு மிகவும் பிடிக்கும். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக், ஆனால் ரவை வெளியே வரும் மேல் உதடுகளுக்குள் இரும்பை வைத்து வார்த்திருப்பார்கள். செய்தவனுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. மகசின் என்பது அந்த இரண்டு உதடுகள்தான். மிச்சமெல்லாம் அவற்றைத் தாங்குகிற பெட்டி.

.22இல் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இந்த ரவையின் அடியில் விளிம்பு வெளியே தள்ளிக்கொண்டு இருக்கும், வெடிக்க வைக்கும் மருந்தும் அந்த விளிம்புக்குள்தான். ஓட்டுக்கூரையில் ஓடு அடுக்குவதுபோல மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் உட்காரவேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கொழுவிக்கொள்ளும். அதற்காகத்தான் பெட்டியைச் சற்றுச் சாய்த்துச் செய்கிறார்கள். மேல் ரவையை எந்தக் கோணத்தில் பிடித்து, எந்த இடத்தில் விடுவது என்பதை உதடுகள் தீர்மானிக்கின்றன. குண்டு வெறும் ஈயம், மேலே மெழுகு. கோணம் கொஞ்சம் பிசகினாலும் குண்டின் மூக்கு, குழலின் பின்பக்கம் ரவை உட்காரும் அறையின் வாயில் முட்டிச் சுரண்டுப்படும். சுரண்டுப்பட்ட ஈயம் இலக்கில் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

கிளப்பில் பலர் கைமாறிய ஒரு பழைய இரும்பு மகசினை ஒரு நாள் மேசையில் பிரித்தேன். வெளிப்பார்வைக்கு நல்ல கறுப்பு. அடித்தட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, வெள்ளைச் சீலைத் துண்டைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தால் செங்கல் நிறத்தில் தூள் வந்தது. தகட்டை மடித்து இரண்டு ஓரத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டியிருக்கும் பின்பக்கம் இருக்கிறதே, அந்தப் பொருத்தின் நீளத்துக்கு ஒரு கோடாகக் கறள். எண்ணெய்ச் சீலை அந்த இடுக்குக்குள் போகாது, உப்புக்காற்று போகும். ரவைகளைக் கீழிருந்து மேலே தள்ளும் தள்ளுதட்டு அந்தக் கறளில் உரசி உரசி ஏறுவதால் கடைசி இரண்டு ரவைகளும் தயங்கி வந்தன. மகசினைச் செய்தவரில் பிழையில்லை. கறுப்பு பூசிய இரும்பு, எண்ணெய் இருக்கும்வரைக்கும்தான் தாங்கும். அந்தக் கறுப்புக்குத் தனியாகக் காக்கும் சக்தி மிகக் குறைவு. காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கிறவர்கள் தங்கள் ஜன்னல் கிராதியைப் பார்த்தாலே இது விளங்கும்.

சரி, பொலிமருக்கு வருவோம். இதுதான் என் தொழில், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நல்ல மகசின்களில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி நார் கலந்த நைலோன். நைலோன் தண்ணீரை உறிஞ்சும். தொழிற்சாலையில் வார்ப்பதற்கு முன்னால் நைலோன் மணிகளை 80 பாகையில் மணிக்கணக்காக உலர்த்துவோம், ஈரத்தோடு உருக்கினால் சாமானில் வெள்ளிக்கோடு விழும். வார்த்து முடித்து வெளியே வரும்போது நைலோன் உலர்ந்து, கொஞ்சம் விறைப்பாகவும் உடையக்கூடியதாகவும் இருக்கும். பிறகு காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் அதற்குச் சவ்வுத்தன்மை வருகிறது, அடி தாங்குகிறது. இரும்பைத் தின்னும் இதே கொழும்பு ஈரம் நைலோனைப் பதப்படுத்துகிறது! சாமான் தேர்வில் ஊரின் காலநிலை இப்படி ஒரு பக்கத்துக்கு முழுதாகச் சாய்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஈரம் குடித்தால் விறைப்புக் குறையும், உருவமும் மயிரிழை பெருக்கும். கண்ணாடி நார் கலப்பதே அந்தக் குறையைப் பிடித்து நிறுத்தத்தான். ஆனாலும் ஒரு சோதனை செய்யுங்கள். அடைமழை நாளொன்றில், ரைபிள் வெறுமையாக இருக்கிறதென்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, வெறும் மகசினைப் போட்டு, மகசினைக் கழற்றும் விடுவிசையை அழுத்துங்கள். இழுக்காமல் கையில் விழுந்தால் சரி. இழுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றால் அது உங்கள் ரைபிளுக்குரிய மகசின் அல்ல.

என் பொலிமர் மகசின்கள் வந்த அன்றே உதடுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோடு உதட்டின் உட்பக்கத்தில் இல்லை, பிசிறு இல்லை, இரு உதட்டின் உயரமும் வேர்னியரில் ஒன்று. நல்ல மோல்ட் செய்த கை அது. அதே வாரம் கிளப்பில் ஒருவர் பெயரில்லாத மலிவுப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பெட்டியை இரண்டு பாதியாக வார்த்து ஒட்டியிருந்தார்கள், ஒட்டு இடது உதட்டின் அடிவரை ஓடியது. மேற்பரப்பு மங்கல், இடைக்கிடை சாம்பல் கீறு. ஒரு தரம் வார்த்த கழிவை அரைத்துத் திரும்ப வார்த்தால் இப்படித்தான் இருக்கும். அந்த ஒட்டுக்கோட்டின் மேலே நகத்தை வைத்தபோதே இங்கேதான் பிளக்கும் என்று சொன்னேன். அடுத்த மாதம் சீமெந்துத் தரையில் விழுந்து அங்கேயே பிளந்தது. பொலிமரைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் அனேகமாக இப்படிப்பட்ட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

எங்களுக்குப் பயிற்சி தரும் சேர் இரும்புக் கட்சி. படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வதில் இரண்டு விசயத்தை நான் ஒத்துக்கொள்கிறேன். முதலாவது, இரும்பு உதடு வளைந்தால் குறட்டால் திரும்ப எடுத்துவிடலாம். அவர் பெருவிரல் நகத்தை இரண்டு உதட்டின் மேலும் ஓடவிட்டு, எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு குறட்டை மெல்ல ஒரு தரம் அழுத்துவார், அவ்வளவுதான். பொலிமரில் அது நடக்காது. சரியாக இருக்கும்வரை சரி, பிளந்தால் குப்பைதான். இரண்டாவது, இரும்பு மகசின் உட்காரும்போது வரும் 'டக்' ஒலி. பொலிமர் மெத்தென்று உட்காரும், ஆகவே போட்டபின் கீழே இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அலுமினியம் பற்றி மட்டும் அவரும் நானும் ஒரே கருத்து. அது வளைந்த இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்து கடைசியில் வெடிப்பு விட்டுவிடும், .22காரர்களுக்கு அது தேவையே இல்லை.

பாரம் பற்றிக் கனபேர் பேசுவார்கள். ஐந்து ரவை மகசினில் அந்த வித்தியாசத்தை உங்கள் தோள் உணராது, விட்டுவிடுங்கள்.

எங்கள் ஊருக்கென்று இருக்கும் இன்னொன்று நுளம்பு. பின்னேரப் பயிற்சிக்கு எல்லோரும் கைக்கு நுளம்பு லோஷன் பூசிக்கொண்டு வருவார்கள். அதில் டீட் என்ற நுளம்பு விரட்டும் இரசாயனம் இருந்தால் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் பொலிகாபனேற் பிளாஸ்டிக்கை அது அரிக்கும், மேற்பரப்பு வெடிப்பு விடும். நைலோனுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே ரவை தெரிகிற மகசின் பார்க்க ஆசையாக இருக்கும், வெறுமையா என்று ஒரு பார்வையில் தெரிவதும் பாதுகாப்புக்கு நல்லது. எனக்கும் பிடிக்கும். ஆனால் என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் தெளிவான மகசினை வாங்காதீர்கள், வாங்கினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடுங்கள். துப்புரவு செய்யும்போது அசற்றோன் என்ற கரைப்பானும் வேண்டாம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்தப் பிளாஸ்டிக் மகசினையும் ரவை நிரப்பியபடி விடக்கூடாது. சூட்டில், தொடர்ந்து அழுத்தம் இருந்தால் பொலிமர் மெல்ல மெல்ல விரிந்து கொடுக்கும். பீ-மாக் மகசினோடு வரும் மூடிகூட உதடுகளில் இருந்து அந்த அழுத்தத்தை எடுப்பதற்காகத்தான். எங்களுக்கு இந்தப் பிரச்சினை வரவே கூடாது. ரவை வேறாக, ரைபிள் வேறாக, மகசின் வெறுமையாக. ரேஞ்சில் சூட்டுக்கோட்டில் நின்றபிறகுதான் நிரப்புகிறோம்.

பொலிமர் வாங்கினால் பராமரிப்பே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இதிலும் இரும்புதான். மாதம் ஒரு முறை பிரித்து, ஸ்பிரிங்கை எண்ணெய்ச் சீலையால் துடைத்து, பிறகு உலர்ந்த சீலையால் துடைத்துவிடுவேன். எண்ணெயை நிறைய விட்டால் ரவையின் மெழுகும் மருந்துக் கரியும் சேர்ந்து பசையாகிவிடும், தள்ளுதட்டு ஒட்டத் தொடங்கும். பெட்டியின் உட்புறத்துக்கு எண்ணெயே வேண்டாம். என்னிடமுள்ள ஒரே இரும்பு மகசின், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பைகளோடு காற்றுப்போகாத டப்பாவுக்குள், அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கண்டி, மாத்தளைப் பக்கம் இருக்கும் ஒருவர் இரும்புதான் வேண்டும் என்றால் நான் மறுத்துப் பேசமாட்டேன். அங்கே உப்பு இல்லை.

வாங்கும் வழி பற்றியும் ஒரு சொல். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இங்கே அடிப்படை. ரைபிளுக்கு அனுமதிப்பத்திரம், அதை வருடா வருடம் புதுப்பித்தல் எல்லாம் இருக்கிறது. மகசினை ஒன்லைனில் போட்டு வீட்டுக்கு வரவழைக்கலாம் என்று நினைத்துச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அனுமதி பெற்ற வியாபாரியிடம் உங்கள் பத்திரத்தோடு போய்க் கேளுங்கள். அவர் எடுத்துத் தருவது மெதுவாகத்தான் நடக்கும், ஆகவே ஒன்று பழுதானபிறகு ஓடாமல் முதலிலேயே இரண்டாக எடுத்துவிடுவது புத்தி.

அப்புறம், வந்தவுடன் ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்ற் பேனாவால் இலக்கம் எழுதுங்கள். ரவை கொழுவும்போது ரைபிளில் பிழையா, ரவையில் பிழையா, மகசினில் பிழையா என்று இலக்கம் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப மாட்டினால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு உதட்டைப் பாருங்கள். இரும்பென்றால் சேரிடம் குறட்டோடு கொடுங்கள், பொலிமரென்றால் ஸ்பிரிங்கையும் தள்ளுதட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை எறிந்துவிடுங்கள்.