மூன்றாம் நாளில் மீன் விடச் சொல்லும் பெட்டி: ஒரு வீட்டு அக்வாபோனிக்ஸ் கிட்

தொட்டி நன்றாக இருக்கிறது. பம்ப் நன்றாக இருக்கிறது. கூட வந்த கையேட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். மீன் தொட்டித் தண்ணீரிலேயே மண்ணில்லாமல் செடி வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கூரியரில் வரும் ஒரு வீட்டு அக்வாபோனிக்ஸ் கிட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பணம் கட்டுவதற்கு முன்னால் விவரம் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மீதி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். வேலை ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில். காலையில் முதல் நோயாளியை மெஷினில் போடுவதற்கு முன்னால், சுத்திகரித்த தண்ணீரில் குளோரினோ, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமினோ மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்று. லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினால் யாரையும் போட மாட்டோம். அப்படிப்பட்ட ஆளிடம் போய் ‘தண்ணீரை நிரப்பி மூன்று நாள் ஓடவிடுங்கள், பிறகு மீனை விடுங்கள்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

பெட்டியில் என்னென்ன வருகிறது என்று பார்த்துவிடுவோம். 200 லிட்டர் மீன் தொட்டி, அதன் மேல் உட்காரும் செடித் தொட்டி, இரும்புச் சட்டம், சுட்ட களிமண் உருண்டைகள் மூன்று மூட்டை, சின்ன பம்ப், பெல் சைஃபன், ‘நல்ல பாக்டீரியா’ என்று எழுதிய ஒரு பாட்டில், பிஹெச் (தண்ணீரின் புளிப்பு, காரம்) பார்க்கும் காகிதப் பட்டைகள், கையேடு. விலை ஆறாயிரம் ராண்டுக்குக் கொஞ்சம் மேல். கூரியர் தனி.

சட்டம் உறுதியானது. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஈரக் களிமண் உருண்டையும் தண்ணீருமாக நிறைந்த செடித் தொட்டி நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். சாட்ஸ்வொர்த்தில் சமதளமான கொல்லை யாருக்கு இருக்கிறது? சரிவில் வைத்தால் ஒரு காலுக்கு மட்டும் பாரம் இறங்கும். நான் கீழே நான்கு நடைபாதைக் கற்கள் போட்டு, மட்டம் பார்த்து வைத்தேன். அப்புறம் வெயில். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் தென்பக்கம் வெயில் வரும் என்று பழக்கத்தில் வைத்துவிடுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க வீட்டின் தென்சுவர் நிழலில் கிடக்கும். வடக்குச் சுவர் ஓரம்தான் இடம்.

தொட்டியில் ஒரு குறை உண்டு. பிளாஸ்டிக் வெளிர் நிறம், வெளிச்சம் ஊடுருவுகிறது. அப்படியே விட்டால் பாசி பிடிக்கும். வெளிப்பக்கம் கறுப்பு அடித்து, சூடு ஏறாமலிருக்க அதன்மேல் வெள்ளையும் அடித்துவிட்டேன். ஆறாயிரம் ராண்டு வாங்குகிறவர்கள் கறுப்புப் பிளாஸ்டிக்கே தந்திருக்கலாம்.

பெல் சைஃபன் நன்றாகவே செய்திருக்கிறார்கள். பம்ப் மேலே ஏற்றும் தண்ணீர் செடித் தொட்டியில் நிரம்பும். நடுக் குழாயின் விளிம்பைத் தாண்டியதும் மணி மாதிரி கவிழ்ந்த மூடிக்குள் உறிஞ்சல் பிடித்து மொத்தத் தண்ணீரும் மடமடவென்று கீழே இறங்கும். அடியில் காற்று புகுந்ததும் உறிஞ்சல் அறுந்து மறுபடி நிரம்பத் தொடங்கும். வேருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று கிடைப்பது இந்த ஏற்ற இறக்கத்தில்தான். தண்ணீர் வரத்து குறைந்தால் உறிஞ்சல் பிடிக்காமல் விளிம்பு வழியே சும்மா வழிந்துகொண்டிருக்கும். கூடினால் அறுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த நல்ல வால்வு வேண்டும். கிட்டில் வந்த பந்து வால்வை ஒரு மயிரிழை தொட்டால் வரத்து எங்கேயோ போய்விடுகிறது. ஹார்ட்வேர் கடையில் திருகு வால்வு ஒன்று வாங்கி மாட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இனி அந்த மூன்று நாள் கதைக்கு வருகிறேன்.

நம் உடம்பில் புரதம் உடைந்து வரும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக்குகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. மீனுக்கு அந்தச் சுற்றுவேலை கிடையாது. பெரும்பாலான அம்மோனியாவைச் செவுள் வழியாக நேரே தண்ணீரில் விட்டுவிடும். ஆற்றில் அது பரவாயில்லை. 200 லிட்டரில் விட்டால் அதையேதான் திரும்பச் சுவாசிக்க வேண்டும். களிமண் உருண்டைகளின் மேல் பாக்டீரியா படலமாகப் பிடித்த பிறகுதான் அந்தத் தொட்டிக்கு ஒரு சிறுநீரகம் முளைக்கிறது. நைட்ரோசோமோனாஸ் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். நைட்ரோஸ்பைரா வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும். இந்த வரிசை உருவாகக் காத்திருப்பதற்குத்தான் சைக்கிளிங் என்று பெயர். கதகதப்பான தண்ணீரிலேயே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மூன்று நாளில் அது நடக்காது. மூன்று நாளில் நடப்பது, குழாய்த் தண்ணீரின் குளோரின் ஆவியாவது மட்டும். அதுவும் குளோரினாக இருந்தால்தான். குளோரமினாக இருந்தால் திறந்து வைத்தாலும் லேசில் போகாது. வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இரண்டையும் முறிக்கும். கையேட்டில் குளோரமின் என்ற சொல்லே இல்லை.

மீன் இல்லாமலே சைக்கிள் செய்வது என்று ஆரம்பத்திலேயே முடிவு. அதற்குத் தேவை வெறும் அம்மோனியா. வீடு துடைக்கும் அம்மோனியாவில் சோப்பும் வாசனையும் கலந்திருக்கும். பாட்டிலைக் குலுக்கி நுரை நின்றால் அது உதவாது. நான் அம்மோனியம் குளோரைடு தூள் வாங்கினேன். 200 லிட்டருக்கு ஒன்றேகால் கிராம் போட்டால் சுமார் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது, நகை நிறுக்கும் மாதிரி சின்னத் தராசு வேண்டும். சிறுநீரை ஊற்றித் தொடங்குகிறவர்களும் உண்டு. வேதியியல்படி அதில் தப்பில்லை, யூரியா உடைந்து அம்மோனியாதான் வரும். ஆனால் அந்தத் தொட்டியில் பறித்த கீரையை எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கொடுக்க முடியாது.

கிட்டோடு வந்த காகிதப் பட்டை பிஹெச் மட்டும்தான் காட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தெரியாமல் சைக்கிள் செய்வது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினைப் பார்க்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம். ஏபிஐ நிறுவனத்தின் நன்னீர் மாஸ்டர் சோதனைக் கிட்டைத் தனியாக வாங்குங்கள். சொட்டு மருந்துப் புட்டிகளும் கண்ணாடிக் குழாய்களும் வண்ண அட்டையுமாக வரும். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சள், ஏற ஏறப் பச்சை. நைட்ரைட் இல்லையென்றால் வெளிர் நீலம், இருந்தால் ஊதா. நைட்ரேட் சோதனையின் இரண்டாம் புட்டியை மட்டும் அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும், குழாயில் விட்ட பிறகு ஒரு நிமிடம் மறுபடி குலுக்க வேண்டும். சோம்பல்பட்டால் நைட்ரேட்டே இல்லாத மாதிரி காட்டிவிடும். குழாயின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப் லைட்டில் பச்சையும் மஞ்சளும் ஏமாற்றும்.

‘நல்ல பாக்டீரியா’ பாட்டிலில் காலாவதி தேதி இல்லை, குளிரில் வை என்ற குறிப்பும் இல்லை. கூரியர் கிடங்கில் எத்தனை நாள் கிடந்ததோ. ஊற்றினேன், அம்மோனியா அசையவில்லை. நண்பர் ஒருவர் வீட்டில் பல வருடமாக நோயில்லாமல் ஓடும் மீன் தொட்டி இருக்கிறது. அதன் ஃபில்டர் பஞ்சைப் பிழிந்த கலங்கல் தண்ணீரை வாங்கிவந்து களிமண் மேல் ஊற்றினேன். வேலையைத் தொடங்கியது அதுதான் என்று நம்புகிறேன்.

ஜூன் மாதம் அது. டர்பன் குளிரைக் குளிர் என்று சொன்னால் ஜோகன்னஸ்பர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் தொட்டித் தண்ணீர் காலையில் 17 டிகிரியில் நிற்கும். இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்தது 25 முதல் 30. மீன் தொட்டி ஹீட்டர் ஒன்றைப் போட்டு 26க்குக் கொண்டுவந்த பிறகுதான் பச்சை நிறம் மங்கத் தொடங்கியது. அம்மோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறியது. அட்டையின் கடைசி ஊதாவில் போய் உட்கார்ந்துகொண்டு நாள் கணக்கில் நகரவில்லை. பொறுமை போவது இந்த இடத்தில்தான். மூன்றாம் நாளே மீன் விட்டவர்களின் மீன் சாவதும் பெரும்பாலும் இதற்குள்தான். நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை மெத்தெமோகுளோபினாக மாற்றிவிடும். அது ஆக்சிஜனைச் சுமக்காது. தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். செவுள் பழுப்பாகிவிடும். மீனை விட்ட பிறகு நைட்ரைட் ஏறிவிட்டால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு போடுவார்கள். உப்பிலுள்ள குளோரைடு இருந்தால் செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவது குறையும். என் தொட்டியில் மீனே இல்லாததால் அந்த அவசரம் வரவில்லை.

நடுவில் ஒருநாள் எல்லாமே நின்ற மாதிரி இருந்தது. பிஹெச் 7.6இல் தொடங்கியது 6.3க்கு இறங்கியிருந்தது. பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும். அது தீர்ந்தால் பிஹெச் சரியும், பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். கையேடு இதற்குச் சமையல் சோடா போடச் சொல்கிறது. சோடியம் சேர்ந்துகொண்டே போனால் செடிக்கு ஆகாது. கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் சிப்பித் தூளை வலைப் பையில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் புளிப்பானால் கரையும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அவசரத்துக்குப் பொட்டாசியம் பைகார்பனேட் கொஞ்சம். சில நாளில் ஊதா வெளுத்தது. 2 பிபிஎம் அம்மோனியா போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகுதான் மீன் வாங்கப் போனேன்.

மீன், மொசாம்பிக் திலாப்பியா. நம்மூர்க் குளங்களில் ஜிலேபி என்று விற்பார்களே, அதேதான். இந்தியாவுக்கு அது 1952இல் கொண்டுவரப்பட்டது, சொந்த ஊர் இந்தப் பக்கத்து ஆறுகள். நைல் திலாப்பியா வேகமாக வளரும் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அது ஊடுருவும் அயல் இனம். தப்பி ஆற்றுக்குப் போனால் உள்ளூர் மீனோடு கலந்து அதன் இனத்தையே கெடுத்துவிடும். உள்ளூர் மீனாகவே இருந்தாலும் வளர்க்கவும் கொண்டுபோகவும் அனுமதி தேவையா என்று மாகாண வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பிடம் கேட்டுவிடுவது நல்லது.

கிட்டின் விளம்பரப் படத்தில் தொட்டி நிறைய மீன் துள்ளுகிறது. அதை நம்பாதீர்கள். 1000 லிட்டருக்கு 20 கிலோ என்பது சிறிய அமைப்புகளுக்கு மேல் வரம்பு, புதியவர் அதில் பாதியோடு நிற்பது நல்லது. அப்படியென்றால் 200 லிட்டருக்கு இரண்டு கிலோ. கால் கிலோ மீன் எட்டு. பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “எட்டு மீனுக்கா இத்தன பைப்பு?” என்று கேட்டார். அவருடைய அப்பா கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் போட்டவர், மண்ணில்லாமல் கீரை வரும் என்பதை அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கொத்தமல்லி, புதினா, லெட்டூஸ் மூன்றும் நன்றாகவே வந்திருக்கின்றன. புதுத் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து போதவில்லை. மீன் தீவனத்தில் அது குறைவு. செலேட் செய்த இரும்பு (தண்ணீரில் படியாமல் செடிக்குக் கிடைக்கும் வடிவம்), லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அவ்வப்போது போட வேண்டும். இதுவும் கையேட்டில் இல்லை. தக்காளி கத்தரிக்கு அமைப்பு இன்னும் பழக வேண்டும்.

லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது பற்றியும் ஒரு வரி கிடையாது. தென்னாப்பிரிக்காவில் தயாரித்து தென்னாப்பிரிக்காவிலேயே விற்கும் பொருள் இது! கரண்ட் போனால் களிமண்ணில் ஈரம் இருக்கும்வரை பாக்டீரியா சில மணி நேரம் தாங்கும். மீன் தாங்காது, அதுவும் வெயில் காலத்தில். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறைவு. இப்போது கரண்ட் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பி உட்கார முடியாது. பவர் பேங்கில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று வாங்கித் தொட்டி பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

நிறுவனத்துக்கு போன் செய்தபோது மரியாதையாகப் பேசினார்கள். கசிந்த ஒரு ரப்பர் வளையத்துக்குப் பதிலாகக் காசில்லாமல் இரண்டு அனுப்பினார்கள். கையேட்டைப் பற்றிக் கேட்டதற்கு, “ஆறு வாரம் என்று போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் சார்” என்றார் அந்தப் பையன். நேர்மையான பதில், மீனுக்கு உதவாத பதில்.

டிரில்லும் ரம்பமும் கையாளத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கிட் தேவையில்லை. பழைய 1000 லிட்டர் ஃப்ளோ பின் (இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் சதுர பிளாஸ்டிக் தொட்டி) ஒன்றை வாங்கி மேல்பகுதியை அறுத்துக் கவிழ்த்தால் செடித் தொட்டியும் மீன் தொட்டியும் ஆகிவிடும், செலவும் குறைவு. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று மட்டும் கேட்டு, உணவுப் பொருள் வைத்திருந்ததாகப் பார்த்து வாங்குங்கள். என்னைப் போல் திருகாணிக்கு மேல் எதையும் தொடாதவர்கள் கிட்டையே வாங்கலாம். ஆனால் சோதனைக் கிட், அம்மோனியம் குளோரைடு, திருகு வால்வு, காற்று பம்ப் இவற்றுக்கு இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு ராண்டாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் செப்டம்பர் கடைசியில் தொடங்குங்கள், ஹீட்டர் செலவு மிச்சம்.