பெட்டியில் முகம், படத்தில் முதுகு

ஜாக்கி சான் படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆளா நீங்கள்? நானும் அப்படித்தான். 799 ரூபாய் போச்சு.

போன மாதம் ஆன்லைனில் ஒரு டிவிடி பெட்டி வாங்கினேன். ஐந்து டிஸ்க், எல்லாம் பழைய ஹாங்காங் குங்ஃபூ காமெடி. அட்டையில் நாற்பது வயது ஜாக்கி சான் பளபளவென்று சிரிக்கிறார். உள்ளே இருப்பவை பெரும்பாலும் அவர் இளவயதில் நடித்த படங்கள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் டிஸ்க், ‘ஃபியர்லெஸ் ஹைனா’ இரண்டாம் பாகம். அப்பாக்களைக் கொன்றவர்களைப் பழிவாங்க இரண்டு இளைஞர்கள் சேரும் கதை. கூட்டாளியாக ஆஸ்டின் வை. முதல் பாகம் ஜாக்கி சானே 1979இல் இயக்கியது, எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். அந்த ஆசையில்தான் இதை முதலில் போட்டேன்.

பாதிப் படத்துக்குள் ஏதோ இடித்தது. ரிமோட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உதை விழுகிற ஷாட்டில் ஹீரோவின் முதுகு மட்டும். அவர் திரும்பப் போகிற நொடியில் வெட்டு. அடுத்த ஷாட்டில் முகம் வருகிறது, ஆனால் வெளிச்சம் வேறு, முடி வேறு. போதாக்குறைக்கு, முதல் பாகத்தில் பார்த்த காட்சிகளே மறுபடி வருகின்றன. நேற்று வைத்த சாம்பாரைச் சூடு பண்ணி இன்றைக்கு வைத்தது என்று ஊற்றுவார்களே, அதேதான்.

இதன் பின்கதை ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான், நான்தான் மறந்துவிட்டேன். ஜாக்கி சானை 1976இல் ஹீரோவாக்கிப் பார்த்தவர் லோ வெய், புரூஸ் லீயின் ‘தி பிக் பாஸ்’ எடுத்தவர். அவரிடம் நடித்த ஆரம்பப் படங்கள் பெரிதாக ஓடவில்லை. 1978இல் வேறு கம்பெனிக்கு இரவலாகப் போய் நடித்த ‘ட்ரங்கன் மாஸ்டர்’ பிய்த்துக்கொண்டு ஓடியது. அப்புறம் லோ வெய்யின் இந்தப் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஜாக்கி சான் கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற இன்னொரு படக் கம்பெனிக்குப் போய்விட்டார். எடுத்ததை வீணாக்குவானேன் என்று, டூப்பையும் முதல் பாகத்தின் மிச்சத்தையும் வைத்து ஒப்பேற்றி 1983இல் வெளியிட்டார்கள். அதை முழு ஜாக்கி சான் படம் என்று இன்றைக்கும் விற்கிறார்கள்.

சரி, படம்தான் அப்படி, பிரிண்ட்டாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. அகலத்திரைக்காக எடுத்த படத்தைப் பழைய டிவி அளவுக்கு இரண்டு பக்கமும் நறுக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து சண்டை போடும் இடத்தில் ஒருவர் திரைக்கு வெளியே போய்விடுகிறார். எங்கிருந்தோ ஒரு கை மட்டும் வந்து குத்துகிறது. கூட்டாளிப் படத்தில் கூட்டாளியையே காணோம்! அடியில் ஓடும் கோடுகளைப் பார்த்தால் வீடியோ கேசட்டிலிருந்து எடுத்தது என்று தெரிகிறது.

விற்றவருக்கு போன் போட்டேன். “அட்டையில ஜாக்கி சான் இருக்காரா சார்? படத்துலயும் இருக்காரு. அப்புறம் என்ன?” என்றார். பாதிதான் இருக்கிறார் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உறை பிரித்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். உறையைப் பிரிக்காமல் டூப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மாதிரிப் பெட்டி வாங்குகிறவர்கள் முன்பக்கத்துப் படத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் வருடமும் மூலத் தலைப்பும் போட்டிருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். என் பெட்டியில் இரண்டுமே இல்லை. அகலத்திரையா என்று எழுத்தில் கேளுங்கள். ‘மாஸ்டர் வித் கிராக்ட் ஃபிங்கர்ஸ்’ இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். ஜாக்கி சான் பதின்வயதில் நடித்த படத்தில், பேர் வந்த பிறகு டூப்பை வைத்துப் புதுக்காட்சிகள் செருகியது அது. என் பெட்டியில் அதுதான் மூன்றாவது டிஸ்க்.

ஐந்தாவதை இன்னும் போடவில்லை. அட்டையில் புரூஸ் லீ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நேற்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். கடைசியில் ஓர் எழுத்து குறைகிறது.