அந்தமான் பேக்கேஜ் போடுகிறீர்களா? வவுச்சரில் ‘சிமிலர்’ என்று இருக்கிறதா பாருங்கள்

ஆயுத பூஜை லீவுக்கு அந்தமான் போகலாம் என்று வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் யாராவது அட்வான்ஸ் கட்டத் தயாராக இருந்தால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கட்டியாகிவிட்டது என்றாலும் படியுங்கள். மீதிப் பணம் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது.

வழக்கமாக எங்களுக்குக் காலாண்டு லீவு என்றால் ஏலகிரிதான். புங்கனூர் ஏரியில் படகு, திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணி, இருட்டுவதற்குள் சத்துவாச்சாரி வீடு. போன வருடம் பசங்க இரண்டு பேரும் தீவுக்குத்தான் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். காடும் கடலும் ஒரே இடத்தில் இருக்கும், அத்தைக்கும் ஒரு மாறுதல் என்று நானும் தலையாட்டினேன். அத்தை என்றால் என் மாமியார். அறுபத்தெட்டு வயது. அதுவரை விமானம் ஏறியதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டிராவல்ஸ் வைத்திருப்பவரிடம் போனோம். விஷயம் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. நல்ல பேச்சு. “அக்கா, நம்ம ஊர்க்காரங்க, உங்ககிட்டப் போய் லாபம் பார்ப்பேனா?” என்று லேப்டாப்பைத் திருப்பி ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டைக் காட்டினார். வெள்ளை மணல், பின்னால் வானம் தொடும் மரங்கள், வாசல்படியிலேயே கடல். போர்ட் பிளேரில் இரண்டு இரவு, ஹேவ்லாக்கில் மூன்று இரவு, தனியார் சொகுசுப் படகு, மூன்று வேளைச் சாப்பாடு. ஃப்ளைட் தனி. ஐந்து பேருக்கு 1,12,000 ரூபாய். 60,000 அட்வான்ஸ், மீதி கிளம்புவதற்குப் பத்து நாள் முன். பணத்தை அவர் சொன்ன நம்பருக்கு ஜிபே செய்தோம். அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. மச்சான் பெயராம், பிறகுதான் தெரிந்தது. பில் கேட்டதற்கு, “வவுச்சர்தான்க்கா பில்லு” என்றார்.

அந்த வவுச்சரில் ரிசார்ட் பெயருக்குப் பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில், ‘ஆர் சிமிலர்’ என்று இருந்தது. அதாவது இந்த இடம், அல்லது இதைப் போன்ற வேறொரு இடம். படித்தேன். படித்தும் அதற்கு அர்த்தம் யோசிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இரண்டு நாளும் ஒழுங்காகவே போயின. செல்லுலார் சிறையில் என் பெரியவன் ஒரு அறைக்குள் நின்று கையை விரித்து அளந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. மூன்றாம் நாள் காலை படகுத் துறைக்குப் போனால், எங்களுக்கு எடுத்திருந்தது தனியார் படகு இல்லை, அரசுப் படகு. அரசுப் படகில் தப்பில்லை, தீவு மக்கள் தினம் போய்வருவதே அதில்தான். ஆனால் அதன் டிக்கெட் விலை வெகு குறைவு. எங்களிடம் வாங்கியதோ சொகுசுப் படகுக்கான காசு. இரண்டரை மணி நேரம் அத்தை நார்த்தங்காய் ஊறுகாயை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார்.

ரிசார்ட் வாசலில் இறங்கியபோது சின்னவன் ஓடிப்போய் மணலைத் தொட்டான். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் வவுச்சரை இரண்டு தடவை படித்தாள். கணினியில் தேடினாள். “இந்தப் பெயரில் புக்கிங் இல்லையே” என்றாள் இந்தியில். என் வீட்டுக்காரர் வேலூருக்குப் போன் போட்டார். ஏழாவது தடவைதான் எடுத்தார்கள். “சார், அங்க ஃபுல் ஆயிடுச்சு, துர்கா பூஜை சீசன் பாருங்க. பக்கத்துலயே சிமிலர் போட்டிருக்கேன்.”

பூஜை சீசன் என்பது பொய்யில்லை. அந்தத் தீவில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளின் வாரிசுகள். கொல்கத்தாவிலிருந்தும் கூட்டம் அப்போதுதான் வரும். ஆனால் இடம் நிரம்பியதால் எங்களுக்கு அறை இல்லாமல் போகவில்லை. புக்கிங்கே போடவில்லை. எங்களைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் தமிழர். “தமிழா? எந்த ஊரு?” என்று ஆரம்பித்து, கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நீங்க அங்க கொடுக்கிற காசு இங்க வந்து சேர்றதுக்குள்ள மூணு கை மாறுதும்மா. உங்க ஊரு ஏஜென்ட், போர்ட் பிளேர் ஆளு, அவருக்குக் கீழ இங்க ஒருத்தரு. கடைசி ஆளு கையில மிஞ்சுற காசுக்கு என்ன ரூம் வருமோ அதான் சிமிலரு.”

எங்கள் சிமிலர் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பாக்குத் தோப்புக்கு நடுவில் ஒரு லாட்ஜ். ஐந்து பேருக்கு ஒரே அறை. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர். மூன்று வேளைச் சாப்பாடு என்பது காலையில் பூரி மட்டும் என்று ஆனது. வேலை பார்த்த பையனைச் சொல்லக் கூடாது. அத்தைக்குக் காரமில்லாமல் பருப்புச்சாதம் செய்து தந்தான், காசும் வாங்கவில்லை.

சரி, கடலையாவது பார்க்கலாம் என்று நாலு மணி வாக்கில் நடந்து போனோம். கடல் இல்லை. நிஜமாகவே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ஈரமணல், கரடுமுரடான செத்த பவளப்பாறை, சேற்றில் சாய்ந்து கிடந்த ஒரு படகு. வெகுதூரத்தில் ஒரு நீலக்கோடு. நண்டுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அத்தை சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏம்மா, பாலாத்தப் பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டியாந்தீங்க?” என்றார். அவ்வளவு எரிச்சலிலும் சிரித்துவிட்டோம்.

ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை அப்படித்தான். கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம் கடல் ஆழமில்லாத பவளத்திட்டு. தண்ணீர் வற்றும்போது நீந்த முடியாது, காலில் வெட்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இன்னும் தூரம் உள்வாங்கும். நாங்கள் போனது பௌர்ணமி நெருக்கத்தில். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதே இடத்தில் தண்ணீர் கரையைத் தொட்டு நின்றது. ஏஜென்ட் காட்டிய போட்டோவில் இருந்ததோ தீவின் மேற்குக் கரையில் இருக்கும் ராதாநகர் கடற்கரை. நாங்கள் பணம் கட்டிய ரிசார்ட்டும் கிழக்கேதான். அந்த அறையே கிடைத்திருந்தாலும் அந்த மணல் கிடைத்திருக்காது.

ராதாநகரில் சூரிய அஸ்தமனம் என்று பேக்கேஜில் ஒரு வரி உண்டு. வண்டி வந்தது நாலே முக்காலுக்கு. போய்ச் சேரும்போது சூரியன் போய்விட்டது. அந்தமான் நமக்கு அவ்வளவு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். அக்டோபரில் வேலூரில் ஆறு மணிக்கு மறையும் சூரியன் அங்கே ஐந்து தாண்டியதும் மறைந்துவிடும். மூன்றரைக்கே கிளம்பியிருக்க வேண்டும். டிரைவருக்கு இது தெரியாதா? அவருக்கு அதற்கு முன் இன்னொரு டிரிப் இருந்தது.

கடைசி நாள் மழை. காற்றழுத்தம் என்று படகுகளை நிறுத்திவிட்டார்கள். மழைக்கு ஏஜென்ட்டைத் திட்ட மாட்டேன். ஆனால் காலையில் படகு, அன்றே பிற்பகலில் சென்னை ஃப்ளைட் என்று போட்டுக்கொடுத்தவர் அவர்தான். அக்டோபரிலிருந்து அங்கே வடகிழக்குப் பருவமழை. 2016 டிசம்பரில் இதே ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் புயல் மழையில் மாட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் படகுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு இரவு விடாமல் டிக்கெட் போடுகிறவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை தெரிந்தே போடுகிறவர். அன்று அவர் போன் சுவிட்ச் ஆஃப். ஐந்து டிக்கெட் போச்சு. புதிய டிக்கெட்டுக்கு அத்தையின் சீட்டுப் பணத்தை எடுத்தோம்.

ஊருக்கு வந்ததும் கடைக்குப் போனேன். “எல்லாம் போர்ட் பிளேர் ஆளு பண்ணதுக்கா” என்றார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் சித்தப்பாதான் வழி சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தந்தவர் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தர வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தோம், பிறகு பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். கையில் இருந்தது வவுச்சர், ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் வாட்ஸப்பில் அனுப்பிய அந்த ராதாநகர் போட்டோ, ‘புக்கிங் இல்லை’ என்று ரிசார்ட்டில் எழுதி வாங்கிய ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கத் தோன்றியது என் வீட்டுக்காரருக்கு. மற்றதில் எல்லாம் அவரைத் திட்டினாலும் இதில் பாராட்ட வேண்டும்.

நோட்டீஸ் போன ஐந்தாம் நாள் ஏஜென்ட் வீட்டுக்கே வந்து 40,000 ரூபாயைக் கவரில் வைத்துக் கொடுத்தார். மீதி? “தீபாவளி முடியட்டும்க்கா.” தீபாவளி முடிந்தது. “பொங்கல் முடியட்டும்க்கா.” அதுவும் முடிந்தது. இப்போது ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம்.

மீதிப் பணம் கட்டுவதற்கு முன் ரிசார்ட்டின் நம்பரை நீங்களே தேடி எடுத்து, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜென்ட் தரும் நம்பருக்குப் போடாதீர்கள். ஐந்து நிமிட வேலை. நான் செய்யவில்லை.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். கண்ணாடிக் கதவில் புது போஸ்டர்: முழுப் பரீட்சை லீவுக்கு லட்சத்தீவு, ஐந்து இரவு. அங்கே போகத் தனியாக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தில் இருந்தது அதே ராதாநகர் மணல்.